பவுண்டா, நியூட்டனா?
செவ்வாய்க்குப் போன விண்கலம் மாயம்!

செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிவர, 1998 டிசம்பர் 11-ந் தேதி அமெரிக்காவின் நாசா ஒரு விண்கலத்தை அனுப்பியது. "மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்" என்று பெயர். 1999 செப்டம்பர் 23-ந் தேதி அது செவ்வாயின் பின்புறம் சென்றது. அதன்பின் பேச்சு மூச்சே இல்லை!

எமனாக வந்தது ஓர் எண்.

கலத்தின் சிறு ராக்கெட்டுகள் கொடுத்த உந்துதலை, பூமியில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் கணக்கிட்டுப் பட்டியல் போட்டது. நியூட்டன் கணக்கில் தரவேண்டும் என்பது ஏற்பாடு. வந்ததோ பவுண்டு கணக்கு! 1 பவுண்டு விசை சுமார் 4.45 நியூட்டன். ஆகவே பாதை பிசகியது. 226 கிலோ மீட்டர் உயரத்தில் போகவேண்டிய கலம், சுமார் 57 கிலோ மீட்டருக்கு இறங்கிவிட்டது.

இத்தகைய பிழையைப் பிடிப்பது எப்படி? புரோகிராமைச் சோதிக்க, இன்னொரு சிறு புரோகிராம் எழுதுவார்கள். விடை தெரிந்த கணக்கை அது கொடுக்கும். வரும் பட்டியலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கும். தேதி சரியா? எண் சரியா? எந்த அளவு? ஒரு வரியை மாற்றினாலும் சோதனை மறுபடி ஓடும்.

கட்டம் நிரம்பியிருந்தால் மட்டும் போதாது. "அரிசி 20" என்று சீட்டு எழுதினால், "கிலோவா, மூட்டையா?" என்று கடைக்காரர் கேட்பார். கம்ப்யூட்டர் கேட்காது! சரியான விடையையும் மனிதர் தனியாகப் போட்டு வைக்கவேண்டும். புரோகிராம் சொன்னதையே நகல் எடுத்து ஒப்பிட்டால், அது என்ன சோதனை?

செவ்வாயில் இறங்க இன்னொரு கலம் அப்போது போய்க்கொண்டிருந்தது. அதில் எங்கும் ஒரே அளவுமுறைதானா என்று பார்க்கும்படி, 1999 நவம்பரில் விசாரணைக் குழு சொன்னது.