பார்த்ததும் கேட்டதும்

வகுப்பறையில் வரலாறு – 9

பத்தாம் வகுப்பில் கட்டபொம்மன் பாடத்தைத் தொடங்கும்போது, அவரைப் பற்றி என்ன தெரியும் என்று பிள்ளைகளிடம் கேட்டால் சினிமா வசனம்தான் முதலில் வரும். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து நின்று, கலெக்டர் ஜாக்சன் துரையோடு நடந்த வாக்குவாதத்தை சிவாஜியின் குரலில் முழங்குவான். வகுப்பே கைதட்டும். நானும் தட்டுவேன். அவன் தாத்தா சிறுவனாக இருந்தபோது வந்த வசனம் இன்னும் அவன் நாவில் நிற்கிறதே!

சத்தம் அடங்கியதும் கேட்பேன்: “இதை எழுதினது யாருடா?”

“கட்டபொம்மன் பேசினது, சார்.”

“அவர் பேசினதை யார் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கிட்டாங்க?”

பதில் வராது. அந்த வசனத்தை எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. படம் வந்தது 1959இல். ராமநாதபுரத்தில் கட்டபொம்மன் ஜாக்சனைச் சந்தித்தது 1798 செப்டம்பரில். இடையில் 161 ஆண்டுகள். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டதும் சில முகங்கள் வாடிவிடும். வாட வேண்டியதில்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

சென்ற வாரம் அமெரிக்கக் கல்வியாளர் சாம் வைன்பர்க்கைப் பற்றி எழுதியிருந்தேன். 1775இல் லெக்சிங்டனில் நடந்த சண்டையைப் பற்றிய ஆவணங்களை எட்டு வரலாற்றாசிரியர்களிடமும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னவர் அவர். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள். வரலாற்றாசிரியர்களின் கண் முதலில் தாளின் அடிக்குப் போனது: எழுதியவர் யார், எப்போது எழுதினார்? 1991இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்த பிறகுதான் என் வகுப்பில் கட்டபொம்மன் பாடம் நடக்கும் விதம் மாறியது.

இப்போது அந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு தாள் கொண்டுபோகிறேன். மேஜர் பானர்மேன் சென்னைக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி, தமிழில். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், சுற்றுப்பட்டுப் பாளையக்காரர்களையெல்லாம் கூட்டிவைத்து விசாரணை நடத்திக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர் இவர். மறுநாள் அரசுக்கு அறிக்கை எழுதுகிறார். கால்டுவெல் பாதிரியார் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இந்தக் கடிதம் இருக்கிறது.

கடிதம் சொல்வது இது: விசாரணை நடந்த நேரம் முழுவதும் கட்டபொம்மன் அஞ்சவில்லை, யாரையும் மதிக்கவும் இல்லை. தம்மைப் பிடிக்க முனைந்து நின்ற எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி இகழ்ச்சியோடு பார்த்தார். தூக்குமரத்துக்கு உறுதியான நடையோடு போனார். போகும் வழியில் அவர் கவலைப்பட்டது பேச முடியாத தம் தம்பி ஒருவரைப் பற்றி மட்டுமே. மரத்தடியில், கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்று வருந்தினார்.

படித்து முடித்ததும் வகுப்பு கொதிக்கும். “பாத்தீங்களா சார், வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டான்!” என்பான் ஒருவன். “தூக்குல போட்டவன் சொல்றதை எப்படி நம்புறது?” என்பாள் இன்னொருத்தி. இரண்டு பேரையும் எழுந்து நிற்கச் சொல்லி வாதாட விடுவேன். ஒருமுறை ஒரு மாணவி சொன்னாள்: “சார், தான் கொன்ன ஆளைத் தைரியசாலின்னு சொல்றதால அவனுக்கு என்ன லாபம்? லாபம் இல்லாததை நம்பலாம். ஆனா கிஸ்தி கட்டல, கூப்பிட்டா வரல, சிவகிரியைத் தாக்கினாருன்னு அடுக்குறதை அப்படியே நம்பக் கூடாது. தூக்குல போட்டதுக்கு அவன் காரணம் காட்டியாகணுமே.” ஒரே கடிதத்தில் ஒரு பகுதியை ஏற்கலாம், இன்னொரு பகுதியைச் சந்தேகிக்கலாம் என்று பதினைந்து வயதில் அவளாகவே கண்டுகொண்டாள். அன்று நான் வேறு பாடம் எடுக்கவில்லை.

கடிதத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. பிள்ளைகள் அதைத் தவறவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் தவறவிட்டேன். விசாரணையில் கட்டபொம்மன் பார்த்த பார்வையை பானர்மேன் தாமே கண்டு எழுதுகிறார். தம்பியைப் பற்றிய கவலையும் கோட்டையைப் பற்றிய வருத்தமும் அப்படியல்ல. அவை தமக்குச் சொல்லப்பட்டவை என்று அவரே குறிப்பிடுகிறார். சொன்னவர் யார்? காவலுக்கு நின்ற சிப்பாயா, மொழிபெயர்த்தவரா? கடிதத்தில் பெயர் இல்லை. பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘பார்த்தது’, ‘கேட்டது’ என்று எழுதச் சொல்கிறேன்.

இப்போது தவறாமல் ஒரு கேள்வி வரும்: “அப்போ எதுதான் சார் உண்மை?” இந்த இடத்தில் ஆசிரியர் நழுவக் கூடாது. எல்லாம் அவரவர் பார்வை என்று சொல்லிவிட்டால் அது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். கயத்தாற்றில் தூக்கிலிட்டது உறுதி. ராமநாதபுரத்துச் சந்திப்பு மோதலாக மாறியபோது லெப்டினன்ட் கிளார்க் இறந்ததும் உறுதி. அது குறித்து கும்பெனியே குழு அமைத்து விசாரித்து, ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியதும் உறுதி. கட்டபொம்மன் சஞ்சலமில்லாமல் நின்றார் என்பது மிகவும் நம்பத்தக்கது. கடைசிச் சொற்கள் காதுவழிச் செய்தி. இப்படித் தரம் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம், நாளை கைப்பேசியில் ஒரு வதந்தி வந்தால் எடுபடாது.

வாடிய முகங்களுக்கு வருகிறேன். அந்த வசனமும் சான்றுதான். ஆனால் 1798க்கு அல்ல, 1959க்கு. விடுதலை பெற்றுப் பன்னிரண்டே ஆண்டான தமிழ்நாடு எப்படிப்பட்ட வீரனைத் தேடியது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியவில்லை. அதே தலைமுறையில் ம.பொ.சி. கட்டபொம்மனை விடுதலை வீரர் என்று எழுத, தமிழ்வாணன் கொள்ளைக்காரன் என்று புத்தகம் போட்டார். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலைத் திறந்தால் அங்கே நிற்பது வேறொரு கட்டபொம்மன். நான்கையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட ஒரு வாரம் வேண்டும். அந்த ஒரு வாரம் நமக்குக் கிடைப்பதில்லை. கட்டபொம்மனின் அமைச்சர் சிவசுப்பிரமணியனார் தூக்கிலிடப்பட்ட ஊர் எது என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு நாகலாபுரம் என்று எழுதப் பழக்குவதிலேயே காலம் போய்விடுகிறது. ஊரின் பெயர் தெரிய வேண்டும், மறுக்கவில்லை. அது நமக்கு எப்படித் தெரியவந்தது என்றும் ஒரு கேள்வி தாளில் வரட்டும். வினாத்தாள் அமைப்பவர்களிடம் இதைத்தான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

அதுவரை, சக ஆசிரியர்களே, ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். ஒரு தாள், ஒரு பென்சில் போதும். உங்கள் வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த வாரம் அந்தப் பேசாத தம்பி ஊமைத்துரை. அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் அவரைப் பாராட்டியே எழுதியிருக்கிறார்.

(தொடரும்)