டபள் கெப் வாங்குமுன் ஒரு கழித்தல் கணக்கு

கடைக்குச் சாமான் ஏற்ற வேண்டும். விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டும். தேவை வந்தால் பின்னால் ஒரு ட்ரெய்லரையும் கொழுவி இழுக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வாகனத்தில் முடித்துக்கொள்ள விரும்பும் வர்த்தகரின் பார்வை இயல்பாகவே டபள் கெப் பக்கம் திரும்புகிறது. 2020 மார்ச் மாதம் தடைப்பட்ட வாகன இறக்குமதி, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் இந்தப் பேச்சு மீண்டும் சூடு பிடித்திருக்கிறது. புதிய டபள் கெப் ஒன்றுக்கு நூறு இலட்சத்துக்கும் மேல் கொடுக்க வேண்டியிருப்பதால், முதலைப் போடுமுன் நிதானமாக யோசிப்பது நல்லது.

எது நல்ல வண்டி என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. உங்கள் தொழிலில் மிகப் பாரமான நாளில் எத்தனை பேர் ஏறுவார்கள், எத்தனை கிலோ ஏறும், பின்னால் எத்தனை கிலோ இழுபடும்? இதற்கு விடை தெரியாமல் வாங்கினால், எவ்வளவு பேர்பெற்ற வண்டியானாலும் ஒருநாள் காலை வாரிவிடும்.

அவுஸ்திரேலியாவைப் பார்ப்பது ஏன்?

இந்த வாகனங்களை ஒப்பிட்டுப் பார்க்க வசதியான நாடு அவுஸ்திரேலியாதான். அங்கே இவற்றை 'யூட்' என்பார்கள். 1934இல் போர்ட் நிறுவனத்தின் லூ பாண்ட் என்ற வடிவமைப்பாளர், ஞாயிறன்று தேவாலயத்துக்கும் திங்களன்று சந்தைக்கும் போகக்கூடிய வண்டி கேட்ட ஒரு விவசாயக் குடும்பத்துக்காக இதை உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. 2017 ஒக்டோபருடன் அங்கே கார் உற்பத்தி நின்றுபோனது. இன்று அங்கே ஓடும் ஹைலக்ஸ், டீ-மெக்ஸ், ட்ரைட்டன், நவாரா ஆகியவை பெரும்பாலும் தாய்லாந்துத் தொழிற்சாலைகளிலிருந்தே போகின்றன. எமது வீதிகளில் ஓடும் வண்டிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அங்குள்ள ட்ரைட்டன்தான் இங்கே எல் 200.

அங்கே படகு, குதிரைப் பெட்டி, வீட்டு வண்டி என்று பாரமானவற்றை இழுப்பவர்கள் அதிகம். ஆகையால் எல்லா எடைகளையும் கம்பனிகள் விபரத்தாளில் எழுதி வைக்கின்றன. அந்த இலக்கங்களை வாசிக்கப் பழகிக்கொண்டால், விற்பனையாளரிடம் எதைக் கேட்பது என்று எமக்கும் தெரிந்துவிடும்.

நான்கு எடைகள்

முதலாவது வண்டியின் வெறும் எடை. ஆளும் சாமானும் இல்லாமல் வண்டி மட்டும்.

இரண்டாவது ஜீ.வீ.எம். ஆட்கள், சாமான், பின்னால் கொழுவிய ட்ரெய்லரின் கொக்கி அழுத்தம் எல்லாம் சேர்ந்து வண்டியின் நான்கு சக்கரங்களும் தாங்கக்கூடிய உச்ச எடை இது.

மூன்றாவது இழுவை எடை. பிரேக் பூட்டிய ட்ரெய்லரானால் எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்ற இலக்கம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இதுதான்.

நான்காவது ஜீ.சீ.எம். வண்டியும் ட்ரெய்லரும், இரண்டின் சுமையும் எல்லாம் சேர்ந்த மொத்த எடையின் வரம்பு. விளம்பரத்தில் அநேகமாக வராதது இதுதான். ஆனால் மற்ற இலக்கங்களையெல்லாம் கட்டுப்படுத்துவது இந்த ஒன்றே.

இனிக் கழித்துப் பார்ப்போம்

கீழே வருபவை அவுஸ்திரேலியாவில் விற்கப்பட்ட நான்கு சக்கர இழுவை கொண்ட டபள் கெப்களின் இலக்கங்கள். வெறும் எடை வகைக்கு வகை மாறும் என்பதால் அதைச் சுமாராகக் கொடுத்திருக்கிறோம்.

ஹைலக்ஸ், 2020ஆம் ஆண்டு மாற்றத்தின் பின், ஓட்டோ கியர்: ஜீ.சீ.எம். 5,850 கிலோ. 3,500 கிலோ ட்ரெய்லரை இழுத்தால் வண்டிக்கு மிஞ்சுவது 2,350. வெறும் எடை சுமார் 2,100. ஆகவே ஆளுக்கும் சாமானுக்கும் மீதி 250 கிலோ.

டீ-மெக்ஸ், 2020ஆம் ஆண்டு வடிவம்: ஜீ.சீ.எம். 5,950. அதே ட்ரெய்லருக்கு மிஞ்சுவது 2,450. வெறும் எடை சுமார் 2,100. மீதி 350 கிலோ.

போர்ட் ரேஞ்சர், 2022 வரை வந்த 3.2 லீற்றர் ஐந்து சிலிண்டர் எஞ்சின்: ஜீ.சீ.எம். 6,000. மிஞ்சுவது 2,500. வெறும் எடை சுமார் 2,200. மீதி 300 கிலோ.

250 கிலோ என்றால் மூன்று பெரியவர்கள். நான்காவது ஆள் ஏறினாலே கணக்கு மீறிவிடும். பின் தட்டில் ஒரு மூட்டை அரிசிகூட வைக்க இடமில்லை. அதாவது 3,500 கிலோ இழுக்கும், ஒரு தொன் ஏற்றும் என்று விளம்பரம் சொல்லும் இரண்டு வேலைகளையும் இந்த வண்டிகள் ஒரே நேரத்தில் செய்ய மாட்டா. ஏதாவது ஒன்றைத்தான் செய்யும்.

இப்போது 2015 முதல் 2023 வரை விற்பனையான ட்ரைட்டனைப் பாருங்கள். அதன் இழுவை எடை 3,100 கிலோதான். விளம்பரத்தில் மற்றவற்றுக்குப் பின்தங்கிய இலக்கம். ஆனால் அதன் ஜீ.சீ.எம். 5,885, ஜீ.வீ.எம். 2,900. முழு 3,100 கிலோவையும் இழுக்கும்போது கொக்கியில் விழும் 310 கிலோவை ஜீ.வீ.எம்.மில் கழித்தால் 2,590. வெறும் எடை சுமார் 1,960. மீதி 630 கிலோ! இழுவையில் 400 கிலோவை விட்டுக்கொடுத்த வண்டி, உள்ளே ஏற்றுவதில் ஹைலக்ஸை விட இரண்டு மடங்குக்கும் மேல் தருகிறது. 2024இல் அங்கே வந்த புதிய ட்ரைட்டன் 3,500 கிலோ இழுக்கிறது. அதற்காக ஜீ.சீ.எம்.மை 6,250 ஆகவும் ஜீ.வீ.எம்.மை 3,200 ஆகவும் உயர்த்தினார்கள். மூன்று இலக்கமும் சேர்ந்து உயர்ந்ததால்தான் அந்த 3,500 வெறும் விளம்பரமாகப் போகவில்லை.

எமது தேவைக்கு இது எப்படிப் பொருந்தும்?

எம்மில் பெரும்பாலானோர் மூன்றரைத் தொன் இழுக்கப் போவதில்லை. சிறிய படகு, ஜெனரேட்டர், தண்ணீர்த் தாங்கி, கொங்கிரீட் கலவை இயந்திரம் என்று இரண்டு தொன்னுக்குள் முடிந்துவிடும். அந்த அளவில் நிலைமை இலகுவாகிறது. ஹைலக்ஸ் 2,000 கிலோ இழுத்தால், கொக்கியில் 200 கிலோ போக, ஆளுக்கும் சாமானுக்கும் சுமார் 750 கிலோ கிடைக்கும். ஆகையால் 3,500 என்ற இலக்கத்துக்காக மட்டும் மேலதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

ட்ரெய்லரின் பிரேக்கைக் கவனிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு உச்ச வரம்பு 750 கிலோ. அதற்கு மேல் ட்ரெய்லருக்கும் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். கொழுவி கழன்றால் தானாகவே பிரேக் பிடிக்கவும் வேண்டும். மஹியங்கனைப் பதினெட்டு வளைவிலோ கடுகண்ணாவையிலோ இறங்கும்போது, பிரேக் இல்லாத ஒரு தொன் பின்னாலிருந்து தள்ளினால் என்ன நடக்கும் என்பதைச் சாரதிமார் அறிவார்கள். எஞ்சின் ஏற்றத்தில் இழுத்துவிடும். இறக்கத்தில் நிறுத்துவதுதான் கடினம்.

ஏற்றும் சுமைக்கு வருவோம். சீமெந்து மூட்டை ஒன்று 50 கிலோ. ஹைலக்ஸின் ஜீ.வீ.எம். 3,050. வெறும் எடை போக 950 கிலோ. சாரதியும் இரண்டு உதவியாளர்களும் 200 கிலோ. மிஞ்சும் 750 கிலோவுக்கு 15 மூட்டை. பின் தட்டுக்குக் கூரை மூடி, இரும்புக் கம்பி, கருவிப் பெட்டி பூட்டியிருந்தால் அதையும் கழிக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது மூட்டை ஏற்றுவது 'வண்டி தாங்குகிறது' என்பதற்குச் சான்றல்ல. ஸ்பிரிங் தகடு, டயர், பெயாரிங், பிரேக் எல்லாம் மெல்ல மெல்லத் தேய்கின்றன. விபத்து நடந்து, அதிக பாரம் ஏற்றியது தெரியவந்தால் காப்புறுதி நட்டஈடும் சிக்கலுக்குள்ளாகலாம்.

சுமையை வைக்கும் இடமும் முக்கியம். டபள் கெப்பின் பின் தட்டு ஏறக்குறைய ஒன்றரை மீற்றர்தான். ஆட்களுக்கான அறை முன்னால் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், சுமையின் பெரும் பகுதி பின் அச்சின் மேலும் அதற்கு அப்பாலும் விழுகிறது. அதோடு ட்ரெய்லரும் சேர்ந்தால், கொக்கி நெம்புகோல் போல் வேலை செய்து முன் சக்கரங்களைத் தூக்கும். ஸ்டியரிங் இலேசாகும். செசி அறைக்குப் பின்புறம் வளைந்த வண்டிகள் அவுஸ்திரேலியாவில் இருக்கின்றன. பாரமானதை அறையின் பின்சுவரை ஒட்டி, தாழ்வாக வைத்துக் கட்டுவதே சரியான முறை. நிசான் நவாரா அங்கே தகட்டு ஸ்பிரிங்குக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்கோடு வந்தது. வெறுமையாகப் போகும்போது சொகுசு. ஆனால் சுமை ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறது என்ற முறைப்பாடு எழுந்து, கம்பனி ஸ்பிரிங்கைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டி வந்தது. தினமும் சுமை ஏற்றுபவர் தகட்டு ஸ்பிரிங்கையே நாடுவது நல்லது.

நம்பகம் பெயரில் இல்லை

ஹைலக்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள். அது நீண்டகால உழைப்பால் வந்த பெயர்தான். ஆயினும் 2015 ஒக்டோபருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையில் அவுஸ்திரேலியாவில் விற்ற ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சுனர் டீசல் வண்டிகளின் புகை வடிகட்டி அமைப்பில் குறைபாடு இருந்ததாக அங்குள்ள சமஷ்டி நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. இரண்டு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இதில் அடங்கின. வெள்ளைப் புகை, எச்சரிக்கை விளக்கு, கூடுதல் எண்ணெய்ச் செலவு என்று பாவனையாளர்கள் முறையிட்டார்கள். 2020இல் வந்த திருத்தத்தோடுதான் அது சீரானது. ஆகவே பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்றும் பாருங்கள்.

பொதுவாகவே புகை வடிகட்டி உள்ள டீசல் எஞ்சின், நகருக்குள் குறுந்தூரம் மட்டும் ஓடுவதை விரும்பாது. வடிகட்டியில் சேரும் கரி எரிந்து போக, இடையிடையே நீண்ட தூரம் ஒரே சீராக ஓட வேண்டும். கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் அதற்கு உகந்தது. கடைக்கும் களஞ்சியத்துக்கும் இடையில் மூன்று கிலோமீற்றர் ஓடும் வேலைக்கு டபள் கெப் தேவையா என்பதையும் யோசிக்கலாம். அந்த வேலையை ஒரு டிமோ பட்டா குறைந்த செலவில் செய்துவிடும். தினமும் ஒன்றரைத் தொன் ஏற்றுபவருக்கு லொறிதான் சரி.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு

இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில் இங்கிருந்த டபள் கெப்கள் ஓய்வில்லாமல் உழைத்திருக்கின்றன. வண்டியை உயர்த்தி, அறைக்கும் பின் தட்டுக்கும் இடைப்பட்ட செசியைப் பாருங்கள். ஒட்டு, வெடிப்பு, புதிய பூச்சு இருந்தால் காரணம் கேளுங்கள். பின்னால் மேலதிக ஸ்பிரிங் தகடு போட்டிருந்தால், அது அதிக பாரம் இழுத்த வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம். தகடு கூட்டினால் வண்டி தாழாது, ஆனால் ஜீ.வீ.எம். கூடாது. கொழுவி பூட்டிய இடத்துத் துளைகள் நீண்டிருந்தாலும் கவனம் தேவை. உங்கள் பகுதியில் உதிரிப்பாகம் கிடைக்குமா, அந்த எஞ்சினைத் தெரிந்த கராஜ் பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். பாகம் வரும்வரை ஒரு மாதம் நிற்கும் வண்டி, மலிவாக வாங்கியிருந்தாலும் நட்டம்தான்.

புதியதோ பழையதோ, முற்பணம் கொடுக்குமுன் அந்த வண்டிக்கே உரிய விபரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். நாட்டுக்கு நாடு, வகைக்கு வகை இலக்கங்கள் மாறும். வெறும் எடை, ஜீ.வீ.எம்., இழுவை எடை, ஜீ.சீ.எம். நான்கையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் மிகப் பாரமான நாளின் ஆட்களையும் சாமானையும் கழித்துப் பாருங்கள். மீதி வந்தால் பேரம் பேசத் தொடங்கலாம். மீதி வராவிட்டால், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி உங்களுக்கு உரியதல்ல.