போட்ல ஸ்டியரிங் பிடிச்சு ரீல்ஸ் எடுக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், ‘இந்த வாரம் எங்கடா போலாம்?’னு வாட்ஸ்அப் குரூப் பரபரப்பாகிடும். லீவு சேர்ந்தாற்போல கிடைச்சா திருப்பூர்ல இருந்து சென்னை, அங்கிருந்து முட்டுக்காடு ஸ்பீடு போட். ஏறினதும் அடுத்த ஆசை, ‘அண்ணா, ஒரு நிமிஷம் ஸ்டியரிங் குடுங்க, ரீல்ஸ் எடுத்துக்கிறேன்!’

அந்த ஒரு நிமிஷத்துல என்ன ஆகும் என்பது, ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருப்பது கேபிளா, ஹைட்ராலிக்கா என்பதைப் பொறுத்தது.

ரெண்டுமே உங்களுக்குப் பழக்கமானதுதான். டிரம் பிரேக் உள்ள ஸ்கூட்டர்ல இடது கை லீவரை அழுத்தினா ஒரு கம்பி பின் பிரேக்கை இழுக்குது. அது கேபிள். முன்னாடி டிஸ்க் பிரேக் இருந்தா, வலது கைப்பக்கம் சின்ன டப்பாவுல ஆயில் இருக்கும். நீங்க அழுத்துற அழுத்தத்தை அந்த ஆயில் கொண்டு போகுது. அது ஹைட்ராலிக்.

அவுட்போர்டு என்பது படகின் பின்பக்கம் வெளியே மாட்டியிருக்கும் இன்ஜின். இதற்குத் தனியாகச் சுக்கான் கிடையாது, இன்ஜினே திரும்பும். சிறிய மீன்பிடி ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் இன்ஜினோட கைப்பிடியையே பிடிச்சுத் திருப்பிடுவாங்க. ஸ்பீடு போட்ல ஓட்டுபவர் முன்னாடி உட்கார்ந்திருப்பதால் ஸ்டியரிங் தேவை. பிரேக் கேபிள் இழுக்க மட்டும் செய்யும். படகு கேபிள் இழுக்கவும் வேணும், தள்ளவும் வேணும். அதனால தடிமனா, விறைப்பா இருக்கும்.

சிக்கல் இங்கதான். புரொப்பெல்லர் சுற்றும் வேகத்தில் இன்ஜின் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். சாதாரண கேபிள் வழியா அந்த இழுப்பு நேரா உங்க கைக்கே வரும். போஸ் கொடுக்க ரெண்டு கையையும் விட்டா ஸ்டியரிங் தானே சுழன்று, படகு சட்டென வளையலாம். ஓரத்துல உட்கார்ந்திருக்கும் ஃபிரெண்ட் தண்ணிக்குள்ள விழலாம். (படகுக்கு பிரேக்கும் கிடையாது!) இந்த இழுப்பைத் தடுக்கும் கேபிள் ஸ்டியரிங்குகளும் உண்டு. ஆனா வெளியே இருந்து பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

ஹைட்ராலிக்ல ஸ்டியரிங்குக்குப் பின்னாடி ஒரு பம்ப். அதிலுள்ள வால்வு, இன்ஜின் பக்கமிருந்து வரும் தள்ளலை அங்கேயே நிறுத்திடும். விட்ட இடத்துல நிற்கும், கையும் வலிக்காது. சுமார் 150 குதிரைத்திறனுக்கு மேல் போனா இதைத்தான் பரிந்துரைக்கிறாங்க. விலை மட்டும் கேபிளைப் போல சில மடங்கு.

கெட்டுப்போவதிலும் ரெண்டுக்கும் வேற வேற குணம். கேபிளுக்கு எதிரி உப்புத்தண்ணி. துரு ஏறி, கிரீஸ் காய்ஞ்சு, நாளுக்கு நாள் இறுகும். அது ஒரு வகையில் நல்லது, முன்கூட்டியே காட்டிக்கொடுத்துடுது! ‘எண்ணெய் விட்டா போதும்’னு தள்ளிப்போடாம மாத்திடணும். ஹைட்ராலிக்ல ஆயில் கசிஞ்சாலோ, காத்து புகுந்தாலோ ஸ்டியரிங் ‘லூஸ்’ ஆகி, வெறுமனே சுத்தும். அவசரத்துக்கு பைக் பிரேக் ஆயிலை ஊத்துற ஐடியா வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுடும்.

அடுத்த முறை ஏறும்போது, கிளம்புறதுக்கு முன்னாடி ஓட்டுநர் ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பார்க்கிறாரா, பின்னாடி இன்ஜினும் கூடவே திரும்புதான்னு கவனிங்க. அவர் உடம்புல மாட்டியிருக்கும் சுருள் கயிறு ஃபேஷனுக்கு இல்லை. அவர் இடத்தை விட்டு விலகினா இன்ஜினை நிறுத்தும் கயிறு அது. ரீல்ஸ் எடுக்கணும்னா, படகைக் கரையில கட்டின பிறகு எடுத்துக்கோங்க.