கற்கலாம், கற்பிக்கலாகாது: இத்தாலிய மாதர் கல்வியும் இறையியலும்

இத்தாலி நாட்டு மாதர் கல்வியின் வரலாற்றை நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகின்றது. உயர்குடிப் பெண்கள் சிலர் கற்பதைச் சமுதாயம் ஏற்றுக்கொண்டது. கற்றதைப் பிறர்க்குப் போதிக்கும் உரிமையை மட்டும் நெடுங்காலம் மறுத்தது. இறையியல் துறையில் இம்மறுப்பு எத்துணை வன்மையாயிருந்தது என்பதைச் சில சான்றுகளால் ஈண்டு விளக்குவோம்.

மறுமலர்ச்சிக் காலத்தில் செல்வக் குடும்பங்கள் சில தம் புதல்வியர்க்கு வீட்டிலேயே இலத்தீன் மொழியைப் பயிற்றுவித்தன. வெரோனா நகரத்து இசோத்தா நொகரோலா அவ்வாறு கற்றவர். ஆதாம், ஏவாள் இருவருள் யாருடைய பாவம் பெரிது என்னும் வினாவைக் குறித்து, 1451இல் அவர் லுதோவிக்கோ ஃபோஸ்காரினி என்னும் வெனிஸ் நகரப் பிரபுவுடன் விவாதித்தார். பெண் இயல்பிலேயே பலவீனமும் அறியாமையும் உடையவளாதலின் ஏவாளின் குற்றம் குறைவு என்பது அவர் வாதம். கல்வியிற் சிறந்த ஒரு பெண்மணியே பெண்ணின் அறியாமையைத் தம் வாதத்திற்கு ஆதாரமாகக் கொள்ள நேர்ந்தது நம் சிந்தனைக்குரியது.

1646இல் வெனிஸில் பிறந்த எலெனா கோர்னாரோ பிஸ்கோப்பியா, இலத்தீன், கிரேக்கம், எபிரெயம் முதலிய பல மொழிகளில் புலமை பெற்றவர். பாதுவா பல்கலைக்கழகத்தில் அவருக்கு இறையியலில் டாக்டர் பட்டம் வழங்குமாறு விண்ணப்பிக்கப்பட்டது. பாதுவாவின் பேராயரும் பல்கலைக்கழக வேந்தருமாயிருந்த கர்தினால் கிரெகோரியோ பார்பரிகோ, அவர் பெண் என்பதால் இதனை எதிர்த்தார். "டாக்டர்" என்பது "போதிப்பவர்" எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பெண் போதிப்பதற்கு எதிராக 1 தீமோத்தேயு 2:12 தொன்றுதொட்டு எடுத்தாளப்பட்டு வந்தமையை நாம் அறிவோம். முடிவில், 1678ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், பாதுவா பேராலயத்தில் திரளானோர் முன்னிலையில், அவருக்குத் தத்துவத் துறையிலேயே பட்டம் அளிக்கப்பட்டது.

1732இல் பொலோஞ்ஞா பல்கலைக்கழகம் லவுரா பாஸ்ஸிக்குப் பட்டமும் ஆசிரியப் பதவியும் வழங்கியது. ஆயினும் அவர் பொதுவில் விரிவுரை ஆற்றுவதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ஆகவே அவர் தம் இல்லத்திலேயே இயற்பியல் கற்பித்து வந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலி ஒரே அரசாக இணைந்த பின்னரே நிலை மாறத் தொடங்கிற்று. 1870களில் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு முறைப்படி திறக்கப்பட்டன. 1877இன் கொப்பீனோ சட்டம் ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் இருபாலார்க்கும் கல்வியைக் கட்டாயமாக்கியது.

திருச்சபையின் வாயில் இதனினும் தாமதமாகவே திறந்தது. சீர்திருத்தச் சபைகளுள் ஒன்றாகிய வால்தேசியத் திருச்சபை, 1962ஆம் ஆண்டுச் சினோடில் பெண்களை ஆயர் ஊழியத்திற்கு ஏற்கத் தீர்மானித்தது. 1970இல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை, முறையான பள்ளிக் கல்வி பெறாத சியன்னா நகரத்துக் கத்தரீனாவை மறைவல்லுநராக அறிவித்தது. பாதுவாவில் இறையியல் துறையில் எலெனாவுக்கு மறுக்கப்பட்ட "டாக்டர்" என்னும் அதே இலத்தீன் சொல்லே இங்கு ஒரு பெண்ணுக்கு வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலம் 292 ஆண்டுகள்.

இறையியலைக் கற்போரும் கற்பிப்போருமாகிய நாம் இவ்வரலாற்றினின்று அறிய வேண்டுவது யாது? வகுப்பறையில் பெண்ணுக்கு இடமளித்தல் மட்டும் போதாது. அவள் கற்ற வேதத்தைப் பிரசங்க பீடத்தினின்று எடுத்துரைக்கச் சபை செவிகொடுக்கின்றதா என்பதையும் நாம் ஆராய வேண்டும். உயிர்த்தெழுந்த ஆண்டவர், சீடர்களுக்குச் செய்தி அறிவிக்க மகதலேனா மரியாளையே முதலில் அனுப்பினார் என்பதை நினைவிற் கொள்வோமாக.