தற்செயலாக முளைத்த முடி

அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் 1970களில் மினாக்சிடில் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தது. அழுத்தம் குறைந்தது. கூடவே, மாத்திரை சாப்பிட்டவர்களின் முகத்திலும் கைகளிலும் முடி மண்டியது. அந்தப் பக்கவிளைவையே சரக்காக்கியது நிறுவனம்: 1988இல் அதே மருந்து, தலையில் தடவும் திரவமாக அனுமதி பெற்றது.

இன்னொரு மருந்தான ஃபினாஸ்டெரைடின் வேர் டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் இருக்கிறது. பிறந்தபோது பெண்களாகத் தோன்றிய சில குழந்தைகள் அங்கே பருவ வயதில் ஆண்களாக வளர்ந்தார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் 1974இல் காரணத்தை வெளியிட்டனர்: டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டி என்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களிடம் குறைவு. இப்படி வளர்ந்தவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கவில்லை, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை மெர்க் நிறுவனம் 1992இல் முதலில் புராஸ்டேட் வீக்கத்துக்குத்தான் கொண்டுவந்தது. வழுக்கைக்கான ஒரு மில்லிகிராம் மாத்திரை 1997இல் வந்தது.

ஆக, இரண்டுமே வேறு நோய்க்காகப் பிறந்தவை. வழுக்கையையே குறிவைத்துத் தேடியவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள்?

முதல் சிக்கல், மருந்தை முதலில் சோதித்துப் பார்க்கும் எலி. அதன் மயிர்க்கால்கள் ஒரே நாளில் நட்ட வயல்போல ஒன்றாக வளர்ந்து ஒன்றாக ஓய்கின்றன. மனிதத் தலையில் ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தனி நாள்காட்டி. போதாக்குறைக்கு, டிஹெச்டியால் எலிக்கு வழுக்கை விழுவதும் இல்லை. ஆகவே எலியின் முதுகில் முடி வளர்த்த மருந்து மனிதனிடம் தோற்பதில் வியப்பில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கோட்சரெலிஸ் குழு, வழுக்கை விழுந்த தோலிலும் மயிர்க்கால்களின் தண்டு செல்கள் அழியாமல் இருப்பதை 2011இல் காட்டியது. அவற்றை எழுப்பினால் போதுமே என்ற நம்பிக்கை பிறந்தது. மறு ஆண்டே, வழுக்கைப் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் டி2 என்ற பொருள் மிகுந்திருந்து முடி வளர்ச்சியை அடக்குவதாகவும் அக்குழு சொன்னது. அதைத் தடுக்கும் செட்டிபிபிரன்ட் ஏற்கெனவே ஆஸ்துமாவுக்காக ஆராயப்பட்ட மருந்து. ஆண்களிடம் 24 வாரம் சோதித்தார்கள். வெற்று மாத்திரையை அது வெல்லவில்லை.

இதைவிடப் பிடிவாதமான தடை பாதுகாப்பு. புற்றுநோயாளி கடும் பக்கவிளைவையும் பொறுத்துக்கொள்வார். இருபத்தைந்து வயது ஆரோக்கியமான இளைஞர், பல்லாண்டு தினமும் விழுங்கப்போகும் மாத்திரைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஃபினாஸ்டெரைடு சிலருக்குப் பாலுணர்வைக் குறைக்கிறது. கருவிலுள்ள ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு அது கூடாது.

பொறுமையும் வேண்டும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். பலன் தெரியவே பல மாதம் ஆகும் என்பதால் சோதனைக்கான செலவு ஏறுகிறது. மருந்தை நிறுத்தினால், முளைத்த முடியும் சில மாதங்களில் உதிர்ந்துவிடும்.

2022இல் பாரிசிட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்தபோது ‘வழுக்கைக்கு மருந்து’ என்ற பேச்சு எழுந்தது. அது புழுவெட்டுக்கான மருந்து. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மயிர்க்காலைத் தாக்கும் அந்த நோய் வேறு, பரம்பரை வழுக்கை வேறு. எதிர்ப்பாற்றலை அடக்குவதால் கடும் தொற்றுக்கும் அம்மாத்திரை இடம்தரும். அடுத்த முறை இப்படியொரு செய்தி கண்ணில் பட்டால், எந்த வகை முடி உதிர்வுக்கு என்பதை முதலில் பாருங்கள்; வாங்குவதற்கு முன் தோல் மருத்துவரைக் கேளுங்கள்.