வீட்டுக் கிரயம் முறிந்தால் முன்பணம் யாருக்கு?

கிரய ஒப்பந்தம் முறிந்த பின் கொடுத்த அட்வான்ஸ் போனது போனதுதான் என்று எண்ணி, வாழ்நாள் சேமிப்பையே விட்டுக்கொடுப்போர் பலர். இந்தியச் சட்டமோ விற்பவருக்கு அத்தகைய முழுவுரிமை எதையும் வழங்கவில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான உறுதியாகத் தரப்படும் பிணைத்தொகையையும், விலையின் ஒரு பகுதியாக முன்கூட்டிச் செலுத்தப்படும் தொகையையும் நீதிமன்றங்கள் வேறுபடுத்தியே பார்க்கின்றன.

1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஃபதே சந்த் வழக்கில், 1,12,500 ரூபாய்க்குப் பேசப்பட்ட தில்லி பங்களாவுக்கு 1,000 ரூபாய் பிணைத்தொகையாகவும் 24,000 ரூபாய் விலையின் பகுதியாகவும் கொடுக்கப்பட்டிருந்தன. கிரயம் நிறைவேறாத நிலையில் விற்றவர் 1,000 ரூபாயை வைத்துக்கொள்ளலாம் என்றும், நட்டம் மெய்ப்பிக்கப்படாததால் 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய இயலாது என்றும் நீதிமன்றம் கூறியது. எனினும் பிணைத்தொகை சிறிதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை: 2012-இல் முடிவான சதீஷ் பத்ரா வழக்கில், வாங்குபவர் பின்வாங்கியதால் 70 லட்ச ரூபாய் விலையில் 7 லட்சம் முழுவதும் விற்பவருக்கே சென்றது. ஆகவே எந்தத் தொகை பிணை, எது விலை என்பதை ஒப்பந்தத்தில் பிரித்தெழுதாமல் கையெழுத்திடுவது பேராபத்து.

தவறு விற்பவருடையதாக இருந்தால், அதாவது மூலப்பத்திரத்தில் குறையோ மறைக்கப்பட்ட அடமானமோ வெளிப்பட்டு வாங்குபவர் நியாயமாக விலகினால், பிணைத்தொகையும் திரும்பக் கிடைக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-ஆம் பிரிவின்படி, அப்பணத்துக்கு அந்தச் சொத்தையே பொறுப்பாக்குகிறது. விற்பவர் வீட்டை வேறொருவருக்குக் கொடுத்தாலும், விவரம் அறிந்தே வாங்கியவரை அப்பொறுப்பு தொடரும். தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டிருப்பதன் பயன் இங்குதான் விளங்குகிறது: பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியுமாதலால், அடுத்து வாங்குபவர் அறியாமையைக் காரணம் காட்டுவது கடினமாகும்.

வழக்குத் தொடுப்போர் பெரும்பாலும் தவறவிடுவது ஒன்றுண்டு. கிரயம் செய்து தருமாறு மட்டும் கோரினால், அது மறுக்கப்படும்போது பணத்தைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் தானாக ஆணையிடாது. 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 22-ஆம் பிரிவில், அக்கோரிக்கை மனுவில் தனியே இடம்பெற வேண்டும் என்கிறது. விடுபட்டிருந்தால் வழக்கின் எக்கட்டத்திலும் மனுவைத் திருத்த அனுமதி உண்டு.

கிரயம் கோரும் வழக்குக்கான கெடு, ஒப்பந்தத்தில் குறித்த நாளிலிருந்து, நாள் குறிக்கப்படாவிடில் மறுப்பு தெரிந்த நாளிலிருந்து, மூன்று ஆண்டுகளே. வாய்மொழித் தவணைகளை நம்பி அக்காலத்தைக் கடத்தாமல், வழக்கறிஞர் வழியே எழுத்து மூலமான அறிவிப்பை வாங்குபவர் உடனே அனுப்ப வேண்டும்.