வீட்டிலேயே விரட்டலாம்!

குட்டீஸ்... சென்னையில் மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? குரோம்பேட்டையைத் தாண்டினால், 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வரும். அதென்ன சானடோரியம்?

காசநோயாளிகளைத் தங்க வைத்து சிகிச்சை தரும் இடம்தான் அது. 1928ல் டாக்டர் சவுரி முத்து என்பவர், இங்கே அதைத் தொடங்கினார்.

காசநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. ஜெர்மனி டாக்டர் ராபர்ட் காக், 1882 மார்ச் 24ல் இதை உலகுக்கு அறிவித்தார். நோயாளி இருமும்போது, கிருமி காற்றில் கலந்து மற்றவர்களுக்குப் பரவும். அதனால், நோயாளியை வீட்டை விட்டுப் பிரித்து, சுத்தமான காற்று, சத்தான உணவு, ஓய்வு தர வேண்டும் என்று டாக்டர்கள் நினைத்தனர்.

இதில் ஒரு பெரிய சிக்கல். நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ மிகக் குறைவு. அதோடு, சம்பாதிக்கும் அப்பா ஒரு வருடம் போய் படுத்துவிட்டால், வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? அம்மா போய்விட்டால், கைக்குழந்தையை யார் பார்ப்பது?

அப்போது காசநோய்க்கு நல்ல மாத்திரைகள் வந்திருந்தன. 'வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் என்ன?' என்ற கேள்வி எழுந்தது. விடை தேட, 1956ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி மையம் துவங்கப்பட்டது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் உள்ளிட்டோர் அதில் பணியாற்றினர்.

அவர்கள் என்ன செய்தனர் தெரியுமா? நகரத்து ஏழை நோயாளிகளை, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தனர். 'இவர் தேறிவிடுவார், அவர் தேறமாட்டார்' என்று டாக்டர்களே பார்த்துப் பிரித்தால், சோதனை நியாயமாக இருக்காதல்லவா? ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது. இன்னொரு பிரிவு வீட்டிலேயே இருந்தது. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருடத்துக்கு!

வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, சாப்பாடும் குறைவு. ஆனாலும், 1959ல் வெளியான முடிவு எல்லாரையும் வியக்க வைத்தது. சானடோரியத்தில் 100க்கு 92 பேருக்கு நோய் கட்டுப்பட்டது. வீட்டில் 86 பேருக்கு! பெரிய வித்தியாசமே இல்லை.

'வீட்டில் உள்ளவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமே?' என்கிறீர்களா? அந்தக் குடும்பங்களையும் தொடர்ந்து கவனித்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றதால், மற்றவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போனால், நோய் பரப்பும் சக்தி வேகமாகக் குறைந்துவிடும்.

இதன்பின், உலகின் பல நாடுகளும் வீட்டுச் சிகிச்சைக்கு மாறின. அந்த மையம், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இன்றும் இயங்குகிறது.

ஆனால், காசநோய் இன்னும் ஓயவில்லை. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்காவது இருமல் இருந்தால், அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். பரிசோதனையும், மருந்தும் இலவசம். வழக்கமான காசநோய்க்கு இப்போது ஆறு மாத மருந்தே போதும். உடம்பு தேறிவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால், கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

உங்கள் வகுப்புத் தோழன் வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால், அவனை ஒதுக்காதீர்கள். 'உங்கப்பா மாத்திரை சாப்பிட்டாரா?' என்று அன்போடு கேளுங்கள், சரியா!